பின்பாரம்

ஏரி உடைத்துக்கொண்டு இருபத்தைந்து நாளாகியும் பருத்திப்பட்டில் நாற்றம் மட்டும் வடியவில்லை. தண்ணீர் வடிந்துவிட்டது. சேறு பெரும்பாலும் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துவிட்டது. வேலியில் மாட்டிச் செத்த ஆடுகளை இழுத்துப் போட்டுப் புதைத்தாகிவிட்டது. ஆனாலும் காலையில் கதவைத் திறந்தால் வெளிச்சத்துக்கு முன்னால் அந்த வாடைதான் வீட்டுக்குள் வந்து உட்காரும். ஊரில் மற்றவர்கள் பழகிக்கொண்டார்கள். அதன் நடுவிலேயே வெற்றிலை போட்டார்கள், சிரித்தார்கள். தசரதனுக்குப் பழகவில்லை. அவர்கள் சிரிப்பதைப் பார்த்தாலே குமட்டியது.

அது யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் நின்றுபோய், பூந்தமல்லி பஸ் கொட்டகையைப் பூட்டிவிட்டார்கள். அங்கே பதினோரு வருஷம் பிட்டராக இருந்தவன் தசரதன். இப்போது வீட்டு வாசலிலேயே, புளியமர நிழலில், ஏற்றக் கம்பியும் வண்டி அச்சும் செப்பனிட்டுக்கொண்டிருந்தான். சுற்றுவட்டாரத்தில் ஓடுகிற மோட்டார் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது லோகநாதனுடையது. அதுவும் பெட்ரோலில் ஓடவில்லை. பின்னால் ஒரு ஆள் உயரத்துக்குக் கேஸ் அடுப்பு என்ற இரும்பு உருளை ஒன்றைக் கட்டி, அதில் கரியைக் கொட்டி மூட்டி, அந்தக் கரி வாயுவில் இருமி இருமி ஓடியது.

அன்று காலை அந்த வண்டி வாசலில் வந்து நின்றபோது தசரதனுக்குக் குமட்டலோடு அவமானமும் சேர்ந்துகொண்டது. எட்டு நாளைக்கு முன்னால் அவன் கைப்படத் தூக்கிவிட்ட வண்டி அது. இப்போது பின்பக்கம் மடங்கி, உட்கார்ந்துவிட்ட மாடு மாதிரி கிடந்தது. சக்கரத்துக்கும் மேலிருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தான். நாலு விரல் நுழைய வேண்டிய இடத்தில் ஒரு விரல்தான் நுழைந்தது.

"இன்னா அண்ணாத்தே வேல செஞ்ச?" என்று இறங்கினான் டிரைவர் துலுக்கானம். "பள்ளத்துல வுட்டா மட்கார்டு சக்கரத்த தேய்க்குது. ஐயா நேத்து வழி பூரா திட்டிக்கினே வந்தாரு. ஒரு வண்டிய தூக்கத் தெரியாதவன்லாம் பிட்டரான்றாரு."

"கேஸ் அடுப்பும் நாலு மூட்ட கரியும்தான் பின்பாரம்னு சொன்னியே. அந்தக் கணக்குக்குத்தான கட்ட வெச்சேன்?"

"நா இன்னாத்த கண்டேன்?"

"சொமையோட கொண்டாந்தியா?"

"கொண்டாந்துகீறேன். நீதான சொன்ன, காலி வண்டிய வெச்சி ஒசரம் கட்ட முடியாதுன்னு. நாலு மூட்டையும் உள்ளதான் கீது. கரி." கடைசி வார்த்தையைக் கேட்காமலேயே சொன்னான்.

தசரதன் பின்சீட்டைப் பார்த்தான். சீட்டைக் கழற்றிவிட்டு, கரி படிந்த நாலு மூட்டைகளைப் படுக்கப் போட்டிருந்தார்கள்.

அவன் மனைவி கெங்கம்மாள் அப்போது வீட்டில் இல்லை. விடியும்போதே கஞ்சித் தொட்டிக்குப் போயிருந்தாள். வெள்ளத்தில் நெல்லும் வீடும் போனவர்களுக்காக ஏரிக்கரைச் சத்திரத்தில் கஞ்சித் தொட்டி போட்டிருந்தார்கள். அதன் கமிட்டிக்குத் தலைவர் லோகநாதன். கஞ்சி காய்ச்சுகிறவள் கெங்கம்மாள். முதல் வாரம் கஞ்சியில் கரண்டி நின்றது. இரண்டாவது வாரம் சாய்ந்தது. இப்போது தொட்டிக்குள் குனிந்தால் முகம் தெரிந்தது. அரிசி குறைத்துத்தான் வருகிறது என்று அவள் சொன்னால் யாரும் கேட்கவில்லை. கமிட்டியிலிருந்து வழக்கம்போல மூட்டைகள் வருகின்றன, வழியில் குறைகின்றன என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. வழி என்றால் கெங்கம்மாளின் மடி. முந்தாநாள் நாகவல்லி, எல்லோருக்கும் முன்னால் வரிசையில் நிற்கிறவள், கஞ்சியை வாயில் வைத்துவிட்டு அப்படியே கெங்கம்மாளின் காலடியில் துப்பினாள். "புருசங்காரன் தின்ன மிச்சத்த ஊத்தறியாடி?" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்து கெங்கம்மாள் காலை மூன்று தரம் கழுவினாள். மூன்றாவது தரம் கழுவும்போதுதான் அழுதாள்.

இதை நினைத்தாலே தசரதனுக்கு வாய்க்குள் பித்தம் ஊறும். அவர்கள் வீட்டு அடுப்பில் வெந்தது ரேஷன் கம்பு. அதிலும் பாதி புழு. ஊருக்கு அதை எடுத்துக் காட்டவா முடியும்?

அவன் வேலையில் இறங்கினான். வீட்டு வாசலில் கொட்டகை மாதிரி பள்ளம் கிடையாது. ஈரத் தரையில் ஜாக்கி புதையும். அதனால் உடைந்த அம்மிக்கல்லைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஜாக்கியை நிறுத்தித் திருகினான். ஜாக்கி முனகியது. கைப்பிடியில் தொங்கித்தான் திருக வேண்டியிருந்தது. நாலு மூட்டைக் கரிக்கு இந்தக் கனமா என்று அப்போதே நெஞ்சில் ஒன்று உறுத்திற்று. அடியில் பனங்கட்டைகளை அடுக்கி வண்டியை அவற்றின் மேல் உட்கார வைத்தான். வலது சக்கரத்தைக் கழற்றினான்.

போன தடவை அவன் செய்தது சுருக்கு வழி. அச்சுக்கும் அதன்மேல் கிடக்கிற வில்பட்டைக்கும் நடுவே கருவேலங்கட்டை ஒன்றைச் செருகி, பக்கத்துக்கு மூன்று விரல் தூக்கியிருந்தான். பட்டையைப் பிரிக்கவில்லை. அந்தக் கட்டை இப்போது நார் நாராகப் பிளந்து, அச்சோடு அப்பிக் கிடந்தது. கருவேலம் வைரம் பாய்ந்த மரம். கரி மூட்டைக்கு அது நொறுங்கினால் உலகத்தில் ஒரு ஏர்க்கலப்பையும் நிற்காது.

"துலுக்கானம், இன்னாடா ஏத்துனீங்க இதுல?"

துலுக்கானம் புளியமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வில்பட்டை என்பது ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டின எஃகுத் தகடுகள். சேறு புகாமலிருக்க அதன்மேல் தோல் உறை போட்டு, பூட்ஸுக்குக் கயிறு கோப்பது மாதிரி கோத்துக் கட்டியிருக்கும். இனிக் கட்டை வைத்துப் பயனில்லை, பட்டையைப் பிரித்து ஒரு தகடு கூடப் போட வேண்டியதுதான் என்று தசரதன் கயிற்றை அவிழ்த்தான்.

உறை வாய் திறந்ததும் வந்த நாற்றத்தில் அவன் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். ஏரி நாற்றம் இதற்கு முன்னால் ஊதுவத்தி. உறைக்குள்ளே கிரீஸும் வெள்ளத் தண்ணீரும் எதுவோ கூழும் கலந்து, கறுத்து, புளித்து, பொங்கியிருந்தது. அதில் வெள்ளைப் புழுக்கள் ஒன்றையொன்று ஏறி மிதித்துக்கொண்டிருந்தன. விரலால் வழித்தபோது சளி மாதிரி நீண்டது. தசரதன் எழுந்து வேலிப்பக்கம் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தான்.

மண்ணெண்ணெய் கிடைக்காத காலம். சாம்பலையும் தேங்காய் நாரையும் போட்டுத் தகடு தகடாகத் தேய்த்தான். வழித்துப் போட்டதைக் கோழிகள் ஓடி வந்து அடித்துக்கொண்டு கொத்தின. அந்தக் கோழி முட்டையை இனி எப்படித் தின்பது என்று அவனுக்குத் தோன்றியது. எல்லாம் கழுவி முடித்த பிறகு, நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு துணுக்கைச் சுரண்டிப் பார்த்தான். அரிசி.

கையைத் துடைத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறி ஒரு மூட்டையின் காதைப் பிடித்து இழுத்தான். கரி மூட்டை என்றால் ஒரு கையால் தூக்கி எறிவான். இது அசையவில்லை. மேலே வெறும் கரித்தூள் பூச்சு.

"அண்ணாத்தே, வாணாம்," என்றான் துலுக்கானம். அவன் குரல் இறங்கிவிட்டது. "ஐயா எறக்கக் கூடாதுன்னாரு. நா புள்ளகுட்டிக்காரன். பாக்காத மாரி இருந்துடு."

"அரிசி மூட்டைக்கு கரி பூசி, பட்டணத்துக்கு வித்துக்கினு கீறாரா உங்க ஐயா?"

"எல்லாரும்தான் விக்கறான். இவுரு மட்டும் இன்னா புதுசா?"

அது உண்மைதான். யுத்தம் வந்த நாளாக அரிசி பதுக்காத பெரிய மனிதன் யார்? எந்த ஊர் அரிசி, யார் வாய் அரிசி என்று தசரதன் அதற்கு மேல் யோசிக்கவில்லை. யோசித்திருக்கலாம். அரைகுறையாக ஏதோ உள்ளே புரண்டது, அதை அவனே அமுக்கிவிட்டான். பின்னால் அதை நினைக்கும்போதெல்லாம் தன் முகத்திலேயே காறித் துப்பத் தோன்றும் அவனுக்கு.

கொஞ்ச நேரத்தில் லோகநாதனே வந்தார். வெள்ளை வேட்டியைச் சேறு படாமல் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குடையை ஊன்றி, காய்ந்த இடமாகப் பார்த்துக் கால் வைத்து வந்தார். பக்கத்தில் வந்ததும் அங்கவஸ்திரத்தால் மூக்கைப் பொத்தினார்.

"இன்னாப்பா தசரதா, இந்த நாத்தம் நாறுது? எலி கிலி செத்துக் கெடக்குதா?"

"உங்க வண்டியிலேந்து எறங்குனதுங்க."

அவர் வண்டியையும் துலுக்கானத்தையும் ஒரு தரம் பார்த்தார். கோபப்படவில்லை. வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கினார்.

"கண்டுகினியா? சரி, ஒளிச்சிப் பேசற வேல மிச்சம். தோ பாரு. ரோட்டுச் சாவடியில அரிசி மூட்ட புடிக்க நிக்கறானே, அவன் கதவ தொறக்கறதுக்கு முன்னாடி குனிஞ்சி பின் சக்கரத்த பாக்கறான். தாழ்ந்து கெடந்தா கம்பிய எடுத்துக்கினு குத்த வரான். மட்டமா நின்னா சலாம் வெக்கிறான். சொம உள்ள இருந்தாலும் வண்டி காலியா கீற மாரி நிக்கணும். ஆவுமா, ஆவாதா?"

"ஆவும். ஒரு தகடு கூடப் போடணும். ஆனா காலியா போறப்ப பின்னால தூக்கிக்கினு நிக்குமே."

"காலியா எவன் போறான்?" என்று சிரித்தார் லோகநாதன். சிரித்துவிட்டு எச்சிலைத் துப்பினார். அது கழுவி வைத்த தகட்டுக்கு அரையடி தள்ளி விழுந்தது.

"எந்த ஊரு அரிசிங்க?"

"எங்கியோ. மழையில மக்கிப் பூடாம எடுத்து வெச்சது. உனக்கும் ஒரு மரக்கா தள்ளச் சொல்றேன். உம் பொஞ்சாதி பாவம், ஊர் பேச்சுல்லாம் கேட்டுக்கினு கஞ்சி காச்சறா. நா எல்லாருக்கும் சொல்லிக்கினுதான் கீறேன், கெங்கம்மா அப்டிப்பட்ட பொம்பள இல்லன்னு."

தசரதன் தலையாட்டினான். அந்த வார்த்தைக்கு அவனுக்கு நன்றியாகக்கூட இருந்தது. மரக்கால் அரிசிக்காக அல்ல, வேலை தெரியாதவன் என்ற பேச்சு போக வேண்டும் என்பதற்காகவே செய்கிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பூந்தமல்லிக் கொட்டகையில் உடைத்துப்போட்ட பஸ்ஸின் தகடு ஒன்று அவனிடம் இருந்தது. தணலில் காட்டி வளைத்தால் எஃகின் முறுக்குப் போய்விடும். குளிர்ந்த இரும்பையே கல்மேல் வைத்து, விரற்கடை விரற்கடையாகத் தட்டித்தான் வளைக்க வேண்டும். அவன் தட்டத் தொடங்கினான். ஒவ்வொரு அடிக்கும் புளியமரத்துக் காக்கை ஒன்று எழுந்து உட்கார்ந்தது. லோகநாதன் கவிழ்த்த உரலின் மேல் அங்கவஸ்திரத்தை விரித்து உட்கார்ந்துகொண்டார்.

தகடு பாதி வளைந்திருக்கும். கெங்கம்மாள் வேகவேகமாக வந்தாள். முகம் சிவந்திருந்தது. லோகநாதனை அவள் முதலில் கவனிக்கவில்லை.

"இந்தா, கேட்டியா? இன்னிக்கும் அந்த நாகவல்லி ஆரமிச்சா. நா சொல்லிட்டேன், வாங்கடி எல்லாரும், எங்க ஊட்ல பூந்து பானை சட்டி பூரா கவுத்துப் பாருங்க, ஒரு மணி அரிசி இருந்தா எம் முடிய அறுத்துடுங்கன்னு. கஞ்சி குடிச்சிட்டு வந்துகினே கீறாளுங்க. பத்து பன்னெண்டு பேரு. வரட்டும். இன்னியோட இந்தப் பேச்சி…"

அவள் நிறுத்தினாள். லோகநாதன் எழுந்து நின்றிருந்தார். திறந்திருந்த வண்டிக் கதவு வழியாகத் தசரதன் இழுத்துப் பார்த்த மூட்டையின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கெங்கம்மாள் அதன் அருகே போனாள். உள்ளங்கையால் கரியைத் துடைத்தாள். கரிக்கு அடியில் காக்கித் துணி ஒட்டு ஒன்று தெரிந்தது.

"இது உன் சட்ட ஜோபிய்யா," என்றாள் கணவனிடம், மிக மெதுவாக. "எலி கடிச்ச மூட்டைக்கு நா ஒட்டுப் போட்டது. போன வெள்ளிக்கெழம மூட்ட காணாம பூடிச்சின்னு சொன்னேனே. எங்கையால தெச்சது. பித்தான் கூட கீது பாரு."

தசரதன் சுத்தியலைப் போட்டுவிட்டு வந்து பார்த்தான். பஸ் கொட்டகைச் சட்டையின் பையும், அதில் பித்தளைப் பித்தானும். பதினோரு வருஷம் போட்ட சட்டை.

"கஞ்சித் தொட்டி அரிசியா?" என்று கேட்டான். "அதுங்க வாயில போற கஞ்சியவா?"

"சத்தம் போடாத," என்றார் லோகநாதன். "கமிட்டின்னா ஆயிரம் செலவு கீது, அதுக்கெல்லாம் எங்கேந்து வரும்? உனக்குப் புரியாது. சீக்கிரம் மாட்டு, வண்டி கெளம்பட்டும்."

"அவளுங்க வந்துகினு கீறாளுங்க," என்றாள் கெங்கம்மாள். "வரட்டும். இந்த ஒட்ட காட்டறேன்."

லோகநாதன் அவளை இரக்கமாகப் பார்த்தார். அந்த இரக்கம்தான் தசரதனுக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

"காட்டும்மா. ஒட்டு உம் புருசன் சட்ட. தையல் உன் கை. மூட்ட கெடக்கறது உன் ஊட்டு வாசல்ல. பாத்துட்டு யாரத் திருடின்னு சொல்லுவாளுங்க? நா சொல்றது உன் நல்லதுக்கு. தசரதா, பட்டைய மாட்டு. அரை மணியில வண்டி போயிடும். அவளுங்க வந்து காலிப் பானைய கவுத்துப் பாத்துட்டுப் போவட்டும்."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. தகட்டைச் சேர்த்து, போல்ட்டை முறுக்கி, சக்கரத்தை மாட்டினால் வண்டி போய்விடும். இன்றைக்கு மானம் பிழைக்கும். நாளைக்கும் கஞ்சி தண்ணீராகத்தான் இருக்கும். நாளன்றைக்கும் நாகவல்லி துப்புவாள். அவன் உயர்த்திக் கொடுத்த வண்டி சாவடியில் சலாம் வாங்கிக்கொண்டு போகும். தசரதன் கெங்கம்மாளைப் பார்த்தான்.

"மாட்டாத," என்றாள் அவள். "நா திருடின்னே பேரு வாங்கிக்கினு போறேன். நீ மட்டும் அத மாட்டாத."

தசரதன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இடது பக்கம் போனான். இடது சக்கரத்தையும் கழற்றி உருட்டிவிட்டான். அது வேலியில் மோதிச் சாய்ந்தது. இனி அந்த வண்டியை இழுக்க யானை வந்தாலும் முடியாது.

"பைத்தியமாடா நீ?" என்று லோகநாதன் முதல் முறையாகக் குரலை உயர்த்தினார். அதற்குள் பெண்கள் வந்துவிட்டார்கள்.

முன்னால் நாகவல்லி, கையில் கழுவாத கஞ்சிச் சட்டியோடு. வெள்ளத்தில் வீடும் இரண்டு மாடும் போனவள். அவளுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். வண்டியைப் பார்த்தார்கள். மூட்டையைப் பார்த்தார்கள். அவர்கள் வாய் திறப்பதற்குள் லோகநாதன் முந்திக்கொண்டார்.

"வாங்கம்மா. நல்ல நேரத்துல வந்தீங்க. உங்க அரிசிய கையும் களவுமா புடிச்சிகீறேன். நாலு மூட்ட. இந்த ஊட்லேந்துதான் எடுத்து வண்டியில ஏத்தினேன், சத்திரத்துக்குக் கொண்டாரலாம்னு. அதுக்குள்ள இந்த ஆளு சக்கரத்தக் கழட்டி மறிக்கிறான். ஒட்ட பாருங்க, இவன் சட்டத்துணி."

அவர் குரலில் ஒரு நடுக்கம் இல்லை. தசரதன் வாழ்நாளில் எத்தனையோ அழுகலைப் பார்த்திருக்கிறான். இந்த மாதிரி ஒன்றை அவன் பார்த்ததில்லை.

"அடிப்பாவி," என்றாள் நாகவல்லி. "முடிய அறுக்கச் சொன்னியேடி."

இரண்டு பெண்கள் கெங்கம்மாளின் கையைப் பிடித்தார்கள். ஒருத்தி கொண்டையில் கை வைத்துவிட்டாள்.

"நாவல்லி அக்கா," என்றான் தசரதன். பேச்சில் கெட்டிக்காரன் இல்லை அவன். "அவள அப்பறம் அடி. இங்க வந்து ஒரு நிமிசம் குந்து."

"இன்னாத்துக்கு?"

"குந்து சொல்றேன். இது லோகநாதையா வண்டி. இது எங்க ஊட்டு வாசலுக்கு மொத தபா வந்தது எட்டு நாளு முன்னாடி. அன்னிக்கு இத நா தொறக்கல. இன்னிக்கும் இந்தப் பக்கம் இன்னும் தொறக்கல. கயிறு முடிச்ச பாரு, சேறு புடிச்சிகீது. பாத்துக்கினியா?"

நாகவல்லி குனிந்து பார்த்தாள். இடது பட்டையின் உறைக்கயிறு சேறேறி இறுகிக் கிடந்தது. தசரதன் கத்தியை வைத்து அறுத்தான். உறை பிளந்து, உள்ளேயிருந்தது பொதக்கென்று அவள் காலடியில் விழுந்தது.

பெண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார்கள். நாகவல்லி மட்டும் நகரவில்லை. புழுக்கள் வெயில் பட்டு நெளிந்தன. தசரதன் ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் அலசி, உள்ளங்கையை விரித்துக் காட்டினான். நடுவில் கூழாகாமல் மிஞ்சியிருந்த சில மணிகள். சிவப்புத் தவிடு போகாத மட்ட அரிசி. அந்த ஊரில் விளையாத ரகம். வெள்ளத்துக்குப் பிறகு கஞ்சித் தொட்டிக்கென்றே வெளியூரிலிருந்து வந்தது. அங்கே நின்ற ஒவ்வொருத்தியின் வயிற்றிலும் அன்று காலை போனது அதுதான்.

"வண்டிப் பலகை இடுக்குல கொட்டி, உறைக்குள்ள வுழுந்து ஊறினது. நீ அரிசி களைஞ்சவ, கழனித்தண்ணி பாத்தவ. எம்மா நாளு ஊறினா இப்டி ஆவும், நீயே சொல்லு. நேத்து ஏத்துனதா இது?"

நாகவல்லி ஒரு விரலால் அந்தக் கூழைத் தொட்டாள். மோந்து பார்த்தாள். ஓங்கரித்தாள். ஆனாலும் இன்னொரு தரம் மோந்தாள்.

"பதினஞ்சி நாளு," என்றாள். "கொறைய இல்ல."

கெங்கம்மாளின் கொண்டையிலிருந்த கை தானாக விலகிற்று. துலுக்கானம் புளியமரத்தடியில் குந்தி, தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டான். நாகவல்லி எழுந்து லோகநாதனின் எதிரே போய் நின்றாள். நின்றவள், வாயில் ஊறியதையெல்லாம் சேர்த்து, அவருடைய வெள்ளை வேட்டியின் மேல் துப்பினாள்.

"நாய்ங்களா," என்றார் அவர். "நாளைக்கு எவன் ஊத்தறான் உங்களுக்குக் கஞ்சின்னு பாக்கறேன்."

குடையை எடுத்துக்கொண்டு, இம்முறை காய்ந்த இடம் பார்க்காமல், சேற்றிலேயே மிதித்துப் போனார். பெண்கள் அவரைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. மூட்டைகளை இழுத்து இறக்கி, மூட்டைக்கு மூன்று பேராகத் தூக்கிக்கொண்டு சத்திரத்தை நோக்கி நடந்தார்கள். கரி அவர்கள் தலையிலும் தோளிலும் அப்பிக்கொண்டது. போகும்போது ஒருத்தியும் கெங்கம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் கஞ்சியில் கரண்டி நின்றது. லோகநாதன் கமிட்டியிலிருந்து விலகவில்லை. விலக்க யாருக்கும் வாய் இல்லை. ஆனால் அரிசியை அளக்க இனிமேல் இரண்டு பெண்கள் போவார்கள் என்று நாகவல்லி சொல்லிவிட்டாள். கெங்கம்மாள் வீட்டுக்கு வந்து கணவனிடம் ஆத்திரமாகச் சொன்னாள்:

"குடிச்சிட்டு இன்னா சொன்னா தெரியுமா அவ? உப்பு பத்தலன்றா. எங்காலுல துப்புனவ. தெரியாம சொல்லிட்டேன் கெங்கான்னு ஒரு வார்த்த வரக்கூடாதா அந்த வாயில?"

"நீ இன்னா சொன்ன?"

"இன்னாத்த சொல்றது. உப்பு போட்டேன்."

நாலாம் நாள் துலுக்கானம் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். வண்டி வேண்டுமாம். தசரதன் மாட்டிக் கொடுப்பதாகச் சொன்னான். உறைகளைக் கழுவினான், தகடுகளுக்குப் புதிதாக கிரீஸ் தடவினான், வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. ஆனால் தான் தட்டி வளைத்த பஸ் தகட்டை எடுத்து வீட்டுக்குள் வைத்துவிட்டான். கட்டையும் வைக்கவில்லை.

"அண்ணாத்தே, ரெண்டு விரல் கூட சரியா நொழையலியே," என்றான் துலுக்கானம், வண்டி பனங்கட்டையிலிருந்து இறங்கியதும். "உள்ள ஒண்ணும் இல்லாதப்பவே இப்டி உக்காந்துகினா சாவடிக்காரன் தெனமும் வுடாம குத்துவானே."

"கேஸ் அடுப்பு கனம். பழைய பட்ட. அதது கீற ஒசரம்தான் நிக்கும்," என்றான் தசரதன். "வேற பிட்டர பாத்துக்கச் சொல்லு."

அடுத்த வெள்ளிக்கிழமை காலை, கஞ்சிக்கு வரிசை நிற்கிற நேரத்தில், அந்த மோட்டார் ஏரிக்கரை வழியாகப் பட்டணத்துக்குப் போயிற்று. பின்னால், திரும்ப மாட்டிய சீட்டில், லோகநாதன் மட்டும்தான் உட்கார்ந்திருந்தார். வேறு ஒரு சுமையும் இல்லை. ஆனாலும் வண்டி பின்பக்கத்தைத் தரையில் தேய்க்கிற மாதிரி இழுத்துக்கொண்டு, இருமிக்கொண்டு போயிற்று. சட்டியோடு நின்ற நாகவல்லி அதைப் பார்த்ததும் இடுப்பில் ஒரு கையை ஊன்றி, சாவடிக்காரன் குனிகிற மாதிரி குனிந்து, அதன் பின் சக்கரத்தைப் பார்த்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள் குனிந்தாள். வண்டி சத்திரத்தைத் தாண்டுவதற்குள் வரிசை முழுதும் குனிந்துவிட்டது. லோகநாதன் நேராக முன்னால் பார்த்துக்கொண்டே போனார்.